வேலைக்கு ஆளா, ஆளுக்கு வேலையா?

உழைப்பைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள. வினை, தொழில், பணி, ஊழியம், வேலை என அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் 'பணி' என்னும் சொல் செய்யும் தொழிலையும் குறிக்கும். தலை தாழ்த்து என்னும் ஏவலையும் குறிக்கும். 'வேலை' என்பதோ பழைய இலக்கியங்களில் கடலையும் கடற்கரையையும் சுட்டி நின்ற சொல். தொழில் என்ற பொருள் அதற்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. இதனை வகுப்பில் விளக்கியபோது, "வேலை தேடுகிறவனுக்கு இன்றைக்கும் அது கடல்தான் ஐயா" என்றார் ஒரு மாணவர். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அந்தச் சொல் நம் நெஞ்சில் தங்கிவிட்டது. இக்கட்டுரை அதன் விளைவே எனலாம்.

பெருநகரங்களின் நடுப்பகுதியில், உயர்ந்த கட்டடங்களின் நிழலிலேயே, வறியோர் நெருங்கி வாழும் தெருக்கள் உலகெங்கும் உண்டு. அத்தெருக்களில் வேலை தேடித் தரும் தொண்டு அமைப்புகளும் உண்டு. இவ்வமைப்புகள் யாவும் ஒரு வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். இருக்கின்ற வேலைக்குத் தக்கவாறு ஆளைத் திருத்துவதா? இருக்கின்ற ஆளுக்குத் தக்கவாறு வேலையைத் திருத்துவதா? முதல் வழியையே பெரும்பாலோர் அறிவர். இரண்டாம் வழியில் நடந்து பார்த்தவர்கள் கனடா நாட்டின் மேலைக் கரையில், வான்கூவர் நகரில் இருக்கின்றனர். அவர்களைப் பற்றி நாம் அறிந்தவற்றை ஈண்டுக் கூற விழைகிறோம்.

அந்நகரில் ஹேஸ்டிங்ஸ் தெருவும் மெயின் தெருவும் கூடும் நாற்சந்தியைச் சூழ்ந்த பகுதிக்கு டவுன்டவுன் ஈஸ்ட்சைடு என்று பெயர். 'கனடாவின் மிக ஏழ்மையான அஞ்சல் எண்' என்று செய்தித்தாள்கள் பல்லாண்டுகள் எழுதி வந்த பகுதி இது. ஆனால் அதன் பிறப்பை நோக்கினால் வேறோர் உண்மை விளங்கும். 1860களில் அக்கரையில் மரஅறுவை ஆலை எழுந்தது. காடுகளில் மரம் வெட்டியோர், மீன் பிடித்தோர், சுரங்கம் தோண்டியோர், இருப்புப்பாதை அமைத்தோர் ஆகியோரெல்லாம் பருவ வேலை முடிந்ததும் வந்து தங்கும் இடமாக அப்பகுதி வளர்ந்தது. அவர்களுக்காகக் கட்டப்பட்டவையே ஒற்றை அறை விடுதிகள். பத்தடிக்குப் பத்தடி என்னும் அளவில் ஓர் அறை. தாழ்வாரத்தின் கோடியில் பலர்க்கும் பொதுவாக ஒரு குளியலறை. இன்று வேலையற்றோர் வாழிடம் என்று பேசப்படும் அப்பகுதி வேலையாட்களின் வாழிடமாகவே பிறந்தது என்பது நோக்கத்தக்கது.

பின்னர் ஒவ்வொன்றாய்க் கழன்று போயிற்று. அருகிருந்த ஜப்பானியக் குடிகளை 1942-இல், போர்க்காலத்தில், அரசே அப்புறப்படுத்தியது. 1957-இல் நகர நூலகம் வேறிடம் சென்றது. 1958-இல் புறநகர் மின்தொடர்வண்டி நின்றது. நாள்தோறும் அவ்வழி நடந்த மக்கள் திரளும் அத்துடன் நின்றது. மனநோய் மருத்துவமனையிலிருந்து போதிய மாற்று ஏற்பாடின்றி வெளியேற்றப்பட்டோர் மலிவான வாடகை தேடி இங்கு வந்தனர். பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட தொல்குடிப் பிள்ளைகள் வளர்ந்து, ஊரும் உறவும் அற்றவராய் இங்கு வந்தனர். 1903 முதல் ஹேஸ்டிங்ஸ் தெருவில் நடந்துவந்த உட்வர்ட்ஸ் பேரங்காடி 1993-இல் மூடப்பட்டது. போதைப்பொருள் நுழைந்த கதையை விரிக்க வேண்டுவதில்லை. 2016-இல் அம்மாகாண அரசு பொதுநல நெருக்கடி நிலையை அறிவிக்கும் அளவுக்கு அதனால் உயிர்கள் போயின.

இப்பகுதியை நகரத்தார் ஓர் இழிசொல்லால் அழைத்து வந்தனர். வெட்டிய மரங்களைச் சறுக்கி இழுத்துச் செல்லும் பாதையைக் குறித்த 'ஸ்கிட் ரோடு' என்னும் தொழிற்சொல்லே, குடிகாரரும் போக்கற்றோரும் கிடக்கும் தெரு என்று பொருள் திரிந்தது. 1973-இல் அங்கு வாழ்ந்தோர் கூடிக் குடியிருப்போர் சங்கம் ஒன்றை அமைத்தனர். 'இது எங்கள் ஊர். நாங்கள் இதன் குடிமக்கள். இதற்கு டவுன்டவுன் ஈஸ்ட்சைடு என்று பெயர்' என்பதே அவர்கள் எழுப்பிய முதற்குரல். பூட்டிக் கிடந்த பழைய கார்னகி நூலகக் கட்டடத்தைத் திறக்கச் சொல்லிப் போராடினர்; 1980-இல் அது மக்கள் மன்றமாகத் திறக்கப்பட்டது. வேலை கேட்பதற்கு முன் இவர்கள் பெயரைக் கேட்டார்கள் என்பது மொழி பயில்வோர் மறக்கத்தகாத செய்தி.

இனி வேலை பற்றிக் காண்போம். வேலையற்றவனுக்கு வேலை ஒன்று கிடைத்துவிட்டால் துன்பம் தீர்ந்தது என்று எண்ணுவது நம்மனோர் இயல்பு. அத்தெருவில் ஒருவர் வேலைக்கு விண்ணப்பிக்க முற்படுவதை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பத்தில் முகவரி கேட்பர், முகவரி இல்லை. அடையாள அட்டை கேட்பர். தெருவில் உறங்கும்போது களவு போயிற்று. ஊதியம் வங்கியில் செலுத்தப்படும் என்பர். அடையாள அட்டை இன்றி வங்கிக் கணக்கு ஏது? காசோலையாகத் தந்தால் அதனைப் பணமாக்கித் தரும் கடைக்காரன் ஒரு பங்கை எடுத்துக்கொள்வான். காலை ஆறு மணிக்கு வரச் சொல்வர். இரவெல்லாம் கூச்சல் நிறைந்த விடுதியில் உறக்கம் ஏது? பல் விழுந்த வாயுடன் நேர்காணலில் பேச நாணம் வேறு.

ஆதலின் அங்குள்ள அமைப்புகளின் பணி வேலைவாய்ப்புப் பலகையில் தொடங்குவதில்லை. அஞ்சற் பெட்டியில் தொடங்குகிறது. முகவரியற்றோர் தம் கடிதங்களைப் பெற்றுக்கொள்ளத் தன் முகவரியைத் தந்து உதவியது ஹேஸ்டிங்ஸ் தெருவிலுள்ள தேவாலயம் ஒன்று. வருமான வரிக் கணக்கையும் அங்கே கட்டணமின்றி எழுதித் தந்தனர். வருமானமே இல்லாதவர்க்கு வரிக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். கணக்குக் கொடுத்தவர்க்கே அரசு திருப்பித் தரும் சில தொகைகள் கிட்டும் என்பதுதான் காரணம். 1996-இல் மாகாண அரசு அப்பகுதியினர்க்கென ஒரு சிறு வங்கியைத் திறந்தது. அது 2004-இல் மூடப்பட்டபோது, தொண்டு அமைப்பொன்றும் கூட்டுறவு வங்கியொன்றும் கைகோத்துப் பிஜியன் பார்க் சேவிங்ஸ் என்னும் கிளையைத் தொடங்கின. வழக்கமான சான்றுகள் இல்லாதவர்க்கும் அங்கே கணக்கு உண்டு. இவற்றுள் எதனையும் எவரும் 'வேலைவாய்ப்புச் சேவை' என்று எண்ணமாட்டார். ஆனால் இவை இன்றி வேலை என்பது இல்லை.

அடுத்த தடை அரசின் கணக்கு. உதவித்தொகை பெறுவோர் வேலை செய்து ஈட்டினால், குறித்த ஓர் அளவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு டாலருக்கும் உதவித்தொகையில் ஒரு டாலர் கழிக்கப்படும். 2002-இல் அம்மாகாண அரசு சாதாரண உதவி பெறுவோர்க்கு அந்த விலக்களவையே நீக்கிவிட்டது. முதல் டாலரிலிருந்தே கழிவு. பத்தாண்டு கழித்து, 2012-இல், மாதம் 200 டாலர் வரை ஈட்டலாம் என்றனர்; 2021-இல் அது 500 ஆயிற்று. உடற்குறை உடையோர்க்கு 2015 முதல் மாதக் கணக்குக்கு மாற்றாக ஆண்டுக் கணக்கும் நடைமுறைக்கு வந்தது. உடல்நிலை இடங்கொடுக்கும் மாதத்தில் மிகுதியாகவும், இயலாத மாதத்தில் குறைவாகவும் உழைக்க அது வழி செய்தது. வீட்டு வாடகைக்கென உதவித்தொகையில் ஒதுக்கப்பட்ட தொகையோ தனியாள் ஒருவர்க்கு 2007 முதல் 2023 வரை 375 டாலராகவே நின்றது. அவ்வாண்டுகளில் வாடகை நிற்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பத்தாண்டுக் காலம் ஒருவர் வேலை செய்து ஈட்டியதை எல்லாம் மறுகையால் பிடுங்கிக்கொண்டு, 'இவன் சோம்பேறி' என்று சொல்வது அறமாகாது. அவர் சோம்பேறி அல்லர், கணக்கு அறிந்தவர். சமுதாயப் பெரியோர் பலர் இம்மலரைப் படிப்பர் என்பதால் இதனைச் சற்று அழுத்தியே கூறுகிறோம். உதவி வழங்கும் எவரும் தம் விதிமுறைகளை, உதவி பெறுபவர் இருக்கையில் அமர்ந்து ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நலம்.

அரசின் வேலைவாய்ப்பு மையங்களும் அங்கு உண்டு. 2012-இல் மாகாணம் முழுவதும் சிதறிக் கிடந்த வேலைவாய்ப்புத் திட்டங்களை ஒரே பெயரின்கீழ் இணைத்தனர். தன்விவரக் குறிப்பு எழுதக் கற்பித்தல், நேர்காணற் பயிற்சி, கணினி ஆகியவை எல்லாம் ஒழுங்காகவே நடைபெறுகின்றன. இதில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும் பெருந்திட்டம் எதுவும் எண்ணக்கூடிய பயனையே நாடும். இத்தனை பேர் வந்தனர், இத்தனை பேர் முழுநேர வேலையில் அமர்ந்தனர் என்பதே அதன் அளவுகோல். வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் உழைக்கக்கூடிய ஒருவரை, ஆறு திங்களில் நான்கு மணி நேரம் உழைக்கக்கூடியவராக ஆக்கினால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? படிவத்தில் அக்கட்டம் இல்லை.

அக்கட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் எழுந்த முயற்சி ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். அதற்குமுன் ஒரு மொழிச் சிக்கல். வான்கூவரின் பின்சந்துகளில் பெருங்குப்பைத் தொட்டிகள் நிற்கும். அவற்றிலிருந்து வெற்றுப் புட்டிகளையும் தகரக் குப்பிகளையும் எடுத்து விற்று வாழ்வோர் தம்மைப் 'பின்னர்' என்று அழைத்துக்கொள்கின்றனர். பின் என்றால் குப்பைத் தொட்டி. இச்சொல்லைத் தமிழில் எங்ஙனம் பெயர்ப்பது? பொறுக்குதல் என்பது நல்ல வினைச்சொல். தேர்ந்தெடுத்தல் என்பதே அதன் பொருள். பொறுக்கி எடுத்த முத்து என்கிறோம். ஆனால் அதே வினையைச் செய்யும் ஏழைக்குப் பெயராகும்போது அது வசைச்சொல்லாகிவிட்டது. தொழிலில் இல்லாத இழிவு பெயரில் எப்படி ஏறியது என்பது ஆய்வுக்குரியது. இளமுனைவர் பட்டத்துக்குப் பொருள் தேடும் மாணவர் எவரேனும் இதனை எடுத்துக்கொண்டால் மகிழ்வோம். ஈண்டுப் 'புட்டி சேகரிப்போர்' என்றே வழங்குவோம்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1970 முதலே ஒரு சட்டம் உண்டு. மென்பானமோ பீரோ வாங்குவோர் புட்டிக்கென ஒரு சிறு தொகையை முன்பணமாகச் செலுத்த வேண்டும். வெற்றுப் புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகை திரும்பக் கிடைக்கும். வட அமெரிக்காவிலேயே இத்தகைய சட்டத்துக்கு இதுவே முன்னோடி. தெருவைத் தூய்மையாக வைக்க எழுந்த சட்டம், எவரும் நினையாத வகையில், வறியவர்க்கு ஒரு பிழைப்பாயிற்று. செல்வர் வீசி எறிந்த முன்பணத்தை ஏழை எடுத்துக்கொண்டான். ஆனால் கடைக்காரர் முகம் சுளித்தனர். ஓர் அளவுக்கு மேல் வாங்க மறுத்தனர். முன்பணம் இல்லாத புட்டிகளோ குப்பையாகவே கிடந்தன.

கென் லியோட்டியர் என்பவர் தாமே புட்டி சேகரித்து வாழ்ந்தவர். 1990களின் தொடக்கத்தில் அவரும் தோழர்களும் தேவாலயம் ஒன்று தந்த சிறு தொகையைக் கொண்டு ஒருநாள் சந்தை நடத்தினர். முன்பணம் இல்லாத புட்டிகளையும் காசு கொடுத்து வாங்குவோம் என்று அறிவித்து, விக்டரி ஸ்கொயர் என்னும் பூங்காவில் அமர்ந்தனர். தள்ளுவண்டிகளோடும் மூட்டைகளோடும் நெடிய வரிசை நின்றது. நகரத்தார் அன்று கண்டது குப்பையை அன்று. உழைக்க முன்வந்து நின்ற கூட்டத்தை. தொடர்ந்து 1995-இல் 'யுனைடெட் வீ கேன்' என்னும் இலாப நோக்கற்ற புட்டி நிலையம் ஹேஸ்டிங்ஸ் தெருவில் தொடங்கப்பட்டது. 1990களின் இறுதியில் மாகாண அரசு பெரும்பாலான பானக் கலன்களுக்கும் முன்பணத்தை விரிவுபடுத்தியது, நிலையம் வளர்ந்தது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கான புட்டிகள் அதன் வழியே சென்றன. பின்னர் அது இடம் போதாமல் நகரின் தொழிற்பகுதிக்குப் பெயர்ந்தது.

அங்கு விண்ணப்பம் இல்லை, நேர்காணல் இல்லை, குற்றப்பின்னணி பற்றிய கேள்வி இல்லை. கொண்டு வந்ததை எண்ணுவர், உடனே பணம். இயலும் நாளில் வரலாம்; இயலாத நாளில் எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டுவதில்லை. வந்துகொண்டே இருப்பவருள் விரும்பியோர்க்கு உள்ளே வகைபிரிக்கும் வேலை தரப்பட்டது. அது நேரக் கணக்கில் ஊதியம் பெறும் வேலை. நகராட்சியின் துணையோடு தெருக்களையும் சந்துகளையும் துப்புரவாக்கும் வேலையும் இவ்வமைப்புக்கு வந்தது. படிக்கட்டின் முதற்படி நிலத்தோடு ஒட்டியிருந்தால்தான் கால் தளர்ந்தவர் ஏறுவார். பிற மையங்களில் முதற்படியே இடுப்பளவு உயரத்தில் இருந்தது.

இதைப் புகழ்ந்துகொண்டே போவது நேர்மையாகாது. 2019 நவம்பர் முதல் ஒரு கலனுக்குப் பத்து சென்ட் என்று தொகை சீராக்கப்பட்டது. 2024 ஜூனில் அம்மாகாணத்தின் குறைந்த அளவு ஊதியம் மணிக்கு 17 டாலர் 40 சென்ட். அப்படியாயின் ஒரு மணி நேர ஊதியத்துக்கு 174 புட்டிகள் வேண்டும்! மழையில் நனைந்து, உடைந்த கண்ணாடியில் கையைக் கிழித்துக்கொண்டு, இரவெல்லாம் நடந்து அத்தனை புட்டி சேர்ப்பது எளிதன்று. விபத்துக்கு ஈட்டுத்தொகை இல்லை, ஓய்வூதியம் இல்லை. இதை வேலை என்று போற்றுவது வறுமையை அழகுபடுத்துவதாகாதா என்று கேட்போர் உளர். அவ்வினாவை நாம் தள்ளிவிட மாட்டோம். ஆனால் அவ்வினாவைப் புட்டி சேகரிப்போர் எழுப்பக் கண்டிலோம். கேட்போர் வேறு வேலை வைத்திருப்போரே.

கட்டுமானத் துறையில் எழுந்த இரு முயற்சிகளும் குறிப்பிடத்தக்கன. 1994-இல் நகரில் பெரும் விளையாட்டரங்கம் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. எதிரே வேலையற்றுத் திரியும் இளைஞர். இங்கே கூலியாள் தேவை. குடியிருப்போர் சங்கத்தில் உழைத்தவரான ஜிம் கிரீன் போன்றோரின் முயற்சியால், 'பிளேட் ரன்னர்ஸ்' என்னும் திட்டம் அப்போது பிறந்தது. இளைஞர்க்குச் சில வாரப் பயிற்சி, பாதுகாப்புச் சான்றிதழ், இரும்புமுனைக் காலணி, கருவிகள் ஆகியவற்றைக் கொடுத்து வேலைத்தளத்துக்கு அனுப்பினர். இதுவரை புதுமை இல்லை. அனுப்பிய பின் கைவிடாமையே புதுமை. எந்நேரமும் அழைக்கத்தக்க ஒருங்கிணைப்பாளர் ஒருவர் அவ்விளைஞர்க்கு உண்டு. காலையில் எழாவிடில் எழுப்புவதும், மேற்பார்வையாளரோடு சண்டையிட்டால் இடைபுகுந்து பேசுவதும் அவர் வேலை. நம் இல்லங்களில் முதல் வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு அன்னையும் அண்ணனும் செய்வதை, அன்னையும் அண்ணனும் இல்லாதவர்க்கு ஓர் அமைப்புச் செய்தது.

மற்றொன்று 'எம்பர்ஸ்' என்னும் அமைப்பு. 2001-இல் மார்சியா நோசிக் என்னும் அம்மையார் தொடங்கியது. நாட்கூலிக்கு ஆள் அனுப்பும் தனியார் முகவர்கள் அப்பகுதியில் பலர். கட்டட ஒப்பந்தக்காரரிடம் மணிக்கு ஒரு தொகை பெற்று, உழைப்பவர்க்கு அதில் குறைத்துக் கொடுத்து, இடைப்பட்டதைத் தமதாக்கிக்கொள்வர். மலையகத் தோட்டங்களில் கங்காணி பெற்ற தலைக்காசு நம் நினைவுக்கு வருகிறது. எம்பர்ஸ் இந்த முகவர் தொழிலை ஒழிக்கப் போராடவில்லை. 2008-இல் தானே முகவராயிற்று! முகவர் எடுக்கும் பங்கில் இலாபம் என்பதை நீக்கி, அதனைக் கூடுதல் ஊதியமாகவும், காலணியும் தலைக்கவசமும் வாங்கவும், மருத்துவ நலனுக்கும், பயிற்சிக்கும் திருப்பிவிட்டது. ஒப்பந்தக்காரர்க்கோ நேரத்துக்கு ஆள் வந்தால் போதும். போராடி வெல்வது ஒரு முறை. போட்டியிட்டு வெல்வது இன்னொரு முறை.

இத்திட்டங்கள் பெரும்பாலும் ஆடவர்க்கே பயன்பட்டன என்பது உண்மை. இரவுச் சந்துகளில் புட்டி தேடுவதும் சாரம் ஏறுவதும் பெண்களுக்கு வேறு வகை ஆபத்தைத் தருவன. தையல், சமையல், கைவினை எனச் சிறு முயற்சிகள் தோன்றின. ஆயினும் புட்டி நிலையத்துக்கு ஒப்பான பெருவாயில் ஒன்று அவர்களுக்குத் திறந்ததாக நாம் அறிந்திலோம்.

இன்னொரு குறையும் சொல்லப்படுகிறது. சில தெருக்களுக்குள் இத்தனை தொண்டு அமைப்புகள் எதற்கு, வறுமையே ஒரு தொழிலாகிவிட்டதே என்று நகரத்தார் கேட்கின்றனர். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. நன்கொடைக்கும் மானியத்துக்கும் ஓர் அமைப்பு மற்றொன்றோடு போட்டியிடுகிறது; ஒரே மனிதரின் பெயர் ஐந்து பதிவேடுகளில் ஏறுகிறது. நாம் கருதும் உரைகல் ஒன்றுண்டு. அமைப்பின் ஊதியப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் அத்தெருவாசிகள் எத்தனை பேர்? சேவை பெறுவோர் பட்டியல் மட்டும் நீண்டு, ஊதியப் பட்டியலில் அவர்கள் இல்லையாயின் அந்த அமைப்பைப் பற்றி ஐயுறலாம். இவ்வுரைகல்லைக் கொண்டு நம் சமுதாய அமைப்புகளையும் உரசிப் பார்க்கலாம். நம் கல்லூரியும் இதற்கு விலக்கன்று.

புட்டி நிலையத்தின் தொடர்ச்சியாக, 2014-இல் 'பின்னர்ஸ் புராஜெக்ட்' என்னும் முயற்சி தோன்றியது. இதற்கும் லியோட்டியர் துணை நின்றார். அவ்வாண்டு அக்டோபரில் அதே விக்டரி ஸ்கொயர் பூங்காவில் மீண்டும் ஒருநாள் சந்தை நடந்தது. இம்முறை வாங்கியவை மக்கள் குடித்து எறிந்த காப்பிக் கோப்பைகள். கோப்பை ஒன்றுக்கு ஐந்து சென்ட். முன்பணம் இல்லாத காகிதக் கோப்பைக்கும் விலை வைத்தால் தெரு எவ்வளவு விரைவில் தூய்மையாகும் என்று ஆட்சியாளர்க்குக் காட்டுவதே நோக்கம். கடைகளிலிருந்து எடுத்துவந்த தள்ளுவண்டிகளால் சேகரிப்போர்க்கும் காவலர்க்கும் ஓயாத பூசல் இருந்தது. அதற்கு மாற்றாக, இரவல் பெற்றுத் திருப்பித் தரத்தக்க பொது வண்டிகளைச் செய்து பார்த்தனர். அலுவலகங்களும் அடுக்ககங்களும் தம் வெற்றுப் புட்டிகளைப் பெற்றுச் செல்ல இவர்களை நேரே அழைக்கும் ஏற்பாடும் உருவாயிற்று. அப்போது வாசலில் வந்து நிற்பவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. வருகை நேரம் குறித்திருக்கிறது.

அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறியது ஒரு கொக்கி. வீட்டின் பின்சந்துச் சுவரில் அதனை அறைந்துவிடுவர். வீட்டார் வெற்றுப் புட்டிகளைத் தொட்டியில் எறியாமல், ஒரு பையில் இட்டு அக்கொக்கியில் மாட்டி வைக்கின்றனர். வருபவர் தொட்டிக்குள் தலையை நுழைக்காமல், நின்றபடியே கை நீட்டி அதனை எடுத்துக்கொண்டு போகிறார்.